மில் காலனியும் வெறும் காலனியும்

(ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே திருவண்ணாமலையில் இளைஞர்கள் நடத்திய வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியூர்த் தோழர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலை என்றதும் கார்த்திகை தீபமும் கிரிவலமும் நினைவுக்கு வந்திருக்கும். இது அந்த ஊர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், ஒரு குன்றும் அதன்மேல் சீனிவாசப் பெருமாள் கோயிலும் உள்ள சின்ன ஊர். புரட்டாசி சனிக்கிழமைகளில் மட்டும் கூட்டம் தாங்காது. தெற்கே போனால் ராஜபாளையத்து நூற்பாலைகள். கிழக்கே போனால் சிவகாசி. நடுவில் ஆண்டாள் கோயிலும் பால்கோவாக் கடைகளும். நான் பிறந்து வளர்ந்தது இந்த வட்டாரத்துக்குள்தான்.

"உழைக்கும் மக்கள் தெருவில் ஒரு பால்யம்" என்ற தலைப்பில் பேசச் சொன்னீர்கள். இப்போது இணையத்தில் ரொம்பப் பிரபலமான சரக்கு இது. 90ஸ் கிட்ஸ் என்று ஒரு இனமே உருவாகிவிட்டது. தேன் மிட்டாய், கோலி, பம்பரம், ஞாயிற்றுக்கிழமை சக்திமான். நான் 1993இல் பிறந்தவள், இந்தப் பட்டியலில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு சின்ன வித்தியாசம். எங்கள் தெருவில் டிவி கிடையாது. சக்திமானை நாங்கள் அடுத்த தெருவில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்ப்போம். அந்த வீட்டுப் பிள்ளைகள் உள்ளே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கு வெயில். நிகழ்ச்சி ஒன்றுதான், பார்த்த இடம்தான் வேறு. 2006க்குப் பிறகு அரசின் இலவசக் கலர் டிவி வந்தபோது, எங்கள் தெருவில் முதல் தடவையாகப் பிள்ளைகள் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். இலவசத்தைக் கேலி செய்கிறவர்கள் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றதில்லை.

ஏக்கத்தோடு பழையதை நினைப்பதில் தப்பில்லை. ஆனால் "நம் தெரு" என்று சொல்லும்போது அந்த "நம்" யார் என்று கேட்க வேண்டும். இன்று அதைத்தான் பேசப்போகிறேன். அதற்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். காலனி.

எங்கள் பக்கத்தில் மில் காலனி உண்டு, ஹவுசிங் போர்டு காலனி உண்டு, வாத்தியார்கள் வீடு கட்டிய டீச்சர்ஸ் காலனி உண்டு. பத்திரிகையில் வரன் தேடும்போதுகூட அந்த முகவரியைப் பெருமையாகப் போடுவார்கள். முன்னால் எதுவுமில்லாமல் வெறும் "காலனி" என்று ஒன்று இருக்கிறது. அது நாங்கள் இருந்த இடம். பள்ளிக்கூடத்தில் "எங்கிருந்து வர்றே?" என்று கேட்டால், "மில் காலனி" என்று சொல்கிற பிள்ளைக்கு அடுத்த கேள்வி "உங்க அப்பா எந்த ஷிஃப்ட்?" என்று வரும். "காலனி" என்று சொன்ன பிள்ளைக்கு அடுத்த கேள்வியே வராது. கேட்டவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் உழைக்கும் மக்கள்தான். மில் சங்கு ஊதினால் இரண்டு காலனிக்கும் கேட்கும். எங்கள் அவ்வா கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை, சங்கை வைத்துத்தான் உலை வைப்பார். மில்லுக்குள் போகாத குடும்பமும் மில்லின் நேரத்தில்தான் வாழ்ந்தது. அப்புறம் ஏன் ஒரு காலனிக்கு மட்டும் அடைமொழி, இன்னொன்றுக்கு இல்லை? இந்தக் கேள்விதான் என்னை ஆய்வுக்குள் இழுத்துக்கொண்டு வந்தது.

பழைய அரசாணைகளையும் நிர்வாக அறிக்கைகளையும் படித்தால் ஒரு ஆச்சரியமான விஷயம் தெரியவரும். சென்னை மாகாணத்தில் 1920 வாக்கில் 'லேபர் டிபார்ட்மென்ட்' என்று ஒரு துறை இயங்கத் தொடங்கியது. பெயரைக் கேட்டால் ஆலைத் தொழிலாளர்களுக்கான துறை என்று தோன்றும். அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று, அன்றைக்கு 'தாழ்த்தப்பட்ட வகுப்பார்' என்று அரசு அழைத்த நம் மக்களுக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுப்பது, கிணறு வெட்டுவது, பள்ளி நடத்துவது. அந்தப் பள்ளிகளுக்கு 'லேபர் ஸ்கூல்' என்றே பெயர். அதாவது, அரசின் கண்ணில் 'உழைப்பாளி' என்ற சொல்லும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரும் ஒரே கோப்பில் இருந்த காலம் ஒன்று உண்டு. பண்ணையாரின் மண்ணில் குடியிருந்தவருக்குச் சொந்த மனை கிடைத்தால் பண்ணையாரின் பிடி தளரும் என்பது அந்தக் கோப்புக்குள் இருந்த அரசியல். அதனால்தான் மனை கொடுப்பதற்கு அவ்வளவு எதிர்ப்பு இருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது, சுதந்திரம் வந்தது. 1949இல் இந்தப் பணிகள் தனியாகப் பிரிக்கப்பட்டு 'ஹரிஜன நலத்துறை' உருவானது. லேபர் ஸ்கூல் ஹரிஜனப் பள்ளி ஆனது, பிற்பாடு ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆனது. மறுபக்கம் ஆலைத் தொழிலாளிக்கு வரிசையாகச் சட்டங்கள் வந்தன. 1948இல் தொழிற்சாலைகள் சட்டம், அதே ஆண்டில் ஈ.எஸ்.ஐ. சட்டம், 1952இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம். அதே 1952இல் தொழிலாளர்களுக்கு மானியத்தில் வீடு கட்டும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. நம் மக்களின் வீட்டுக்குத் தமிழ்நாட்டில் தனியாக ஒரு கழகம் வந்தது 1974இல், அதுதான் தாட்கோ. தாட்கோவின் முதல் நோக்கம் என்ன தெரியுமா? தீப்பிடிக்காத வீடு கட்டிக் கொடுப்பது. கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டு அப்போது ஆறு வருஷம்கூட ஆகவில்லை.

இந்த இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு வீடு என்பது, எட்டு மணி நேரம் உழைத்தவர் ஓய்வெடுக்கும் இடம். இன்னொருவருக்கு வீடு என்பது எரியாமல் இருந்தால் போதும். ஒருவர் 'தொழிலாளி', இன்னொருவர் 'பயனாளி'. எங்கள் அவ்வாவும் தாத்தாவும் வாழ்நாள் முழுக்க உழைத்தவர்கள். ஒரு கோப்பில்கூட அவர்கள் தொழிலாளி என்று இல்லை.

அந்த எட்டு மணி நேரத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். வாரத்துக்கு 48 மணி நேரம் என்று தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது 1946இல். மில் காலனியில் சாயங்காலம் வாசலில் ஈசிச் சேர் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் அந்தச் சாயங்காலத்தில் அவர் பங்கு இருக்கிறது. ஆனால் அந்த மில் காலனியில் அவர் படம் மாட்டிய வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். அவர் மில்லுக்குப் போனவர்தான். ஆனால் பின்வாசல் வழியாக. லாரியில் வருகிற பஞ்சுப் பேல்களை இறக்கி அடுக்குவது அவர் வேலை. கூலி கான்ட்ராக்டர் கையில். மில் ரெஜிஸ்டரில் பெயர் கிடையாது. ஸ்பின்னிங் எப்படி இருக்கும், கோன் வைண்டிங் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல் அந்த மதிலுக்குள் போய் வந்தவர், ஒரு தடவைகூட ஓடுகிற மிஷினைப் பார்த்ததில்லை. எந்த மில் என்று பெயர் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அது ஒரு மில்லின் பிரச்சினையாகச் சுருங்கிவிடும்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. பம்பாய் மில்களில் 1928ஆம் ஆண்டு பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது அம்பேத்கர் எழுப்பிய கேள்வி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெசவுப் பிரிவில் கூலி அதிகம், அங்கே தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை. காரணம், நூல் தீர்ந்தால் நாடாவில் புது நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைக்க வேண்டும். மற்ற தொழிலாளர்கள் அதற்கு ஒப்பவில்லை. முதலாளி போட்ட தடை மட்டும் இல்லை அது, தோழர்கள் போட்ட தடை. வர்க்க ஒற்றுமை பேசிய சங்கம் அந்த நாடாவைப் பற்றிப் பேசத் தயங்கியது. சாதி உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பவர்களையே பிரித்துப் படிக்கட்டில் நிறுத்துகிறது என்று 1936இல் அவர் எழுதியதற்குப் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது. பம்பாய்த் தொழிலாளர்கள் வாழ்ந்த பரேலில், சால் குடியிருப்பு ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் அவர். சங்குச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

இன்னொன்று. நாங்கள் அருந்ததியர். வீட்டில் தெலுங்கு பேசுவோம். அதனால்தான் பாட்டி எங்களுக்கு அவ்வா. ராஜபாளையத்தில் மில் முதலாளிகள் பலர் வீட்டிலும் தெலுங்குதான். தாய்மொழி ஒன்று என்பதால் அந்த வீட்டு வாசலில் எங்கள் தாத்தாவுக்கு யாராவது நாற்காலி போட்டார்களா? மொழி சேர்த்துவிடும், தொழில் சேர்த்துவிடும், ஊர் சேர்த்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும். இந்த மூன்றுமே எங்களுக்குப் பொதுவாக இருந்தன. தெரு மட்டும் தனியாகவே இருந்தது.

அவ்வா, பக்கத்து நகராட்சி ஒன்றில் துப்புரவு வேலை பார்த்தவர். எடுப்புக் கக்கூஸ் காலத்தில் சேர்ந்து, வாளியும் தகரமுமாக மற்றவர்கள் வீட்டுப் பின்வாசல்களை எல்லாம் பார்த்தவர். அந்த ஊரின் பின்பக்க வரைபடம் அவருக்கு மனப்பாடம். முன்வாசல் எப்படி இருக்கும் என்று தெரியாது. பத்து வயசுப் பையன் அவரை "ஏ, இவளே" என்று கூப்பிடுவான். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்து முதல் சட்டம் வந்தது 1993இல், நான் பிறந்த வருஷம். இரண்டாவது சட்டம் 2013இல். ஒரே கொடுமையை ஒழிக்க இரண்டு சட்டம் தேவைப்பட்டது என்றாலே முதல் சட்டம் என்ன ஆனது என்று புரிந்துகொள்ளலாம். இன்றைக்கும் சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தவர்களின் பெயர்கள் செய்தியில் வருகின்றன.

அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார். எங்கள் பக்கம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். சின்ன வயதில், அம்மா ஆபீஸ் போகிறார் என்று வெளியூர் உறவினர்களிடம் நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அம்மாவை ஆபீஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது அவருக்கு ஒன்பது வயது. விடியற்காலை நாலு, நாலரைக்கு ஏஜெண்ட் தெருவுக்குள் வந்து குரல் கொடுப்பார். அரைத் தூக்கத்தில் பிள்ளைகளைத் தூக்கி பஸ்ஸில் போடுவார்கள். திரும்ப வரும்போது இருட்டியிருக்கும். "எங்க தெருவ நான் வெளிச்சத்துல பாத்தது ஞாயித்துக்கெழமதான்" என்று அம்மா சொல்வார். பால்ய நினைவுகளைப் பேசச் சொன்னால் அம்மாவுக்கு நினைவு வருவது தெரு இல்லை, பஸ்ஸின் ஜன்னல் கம்பி.

இந்த பஸ்களைப் பற்றி 1983இல் ஸ்மிது கோத்தாரி ஒரு பொருளாதார வார இதழில் எழுதிய கட்டுரை நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1990இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. குழந்தையை வேலைக்கு வைத்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அதனால் பயன் இல்லாமல் இல்லை. நான் பஸ் ஏறவில்லை, பள்ளிக்கூடம் போனேன். ஆனால் வேலை வீட்டுக்கு வந்தது. குடும்பத்தோடு வீட்டில் செய்தால் அந்தச் சட்டத்தில் அப்போது விலக்கு இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து, தீப்பெட்டி ஒட்டுவோம். 144 பெட்டி ஒரு குரோஸ். நான் பதினாறாம் வாய்ப்பாடு படிக்கும் முன்பே 144ஐக் கையால் எண்ணிப் பழகிவிட்டேன்.

இதை முதலில் நான் எழுத்தில் படித்தது பாமாவிடம்தான். பாமா நம் பக்கத்து வத்திராயிருப்புப் பகுதியின் புதுப்பட்டியைச் சேர்ந்தவர். 'கருக்கு' 1992இல் வந்தது. 1994இல் வந்த 'சங்கதி'யில் மைக்கண்ணி என்று ஒரு சிறுமி வருவாள், தீப்பெட்டி வேலைக்குப் போகிறவள். கல்லூரியில் அந்தப் பக்கங்களைப் படித்தபோது அம்மாவின் பஸ் எனக்குப் புத்தகத்தில் கிடைத்தது. பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. போருக்குப் பிந்தைய தலைமுறையின் தலித் பையன் ஒருவன் எப்படி வளர்ந்தான் என்பதற்கு அதைவிட விரிவான பதிவு தமிழில் குறைவு. 2024 நவம்பரில் அவர் மறைந்தார். இந்த இரண்டு பேரையும் தந்தது ஒரே வீடு. இவர்களைப் படிக்காமல் இந்த வட்டாரத்துத் தொழிலாளர் வரலாற்றை எழுத முடியாது என்பது என் கருத்து. பல்கலைக்கழகத்தில் இவர்களை இலக்கியத் துறைக்கு அனுப்பிவிட்டு, மில் அறிக்கையை வரலாற்றுத் துறையில் வைத்துக்கொள்கிறார்கள்.

'போருக்குப் பிந்தைய' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். ஐரோப்பாவில் ஒரு தலைமுறையே தன்னை அப்படித்தான் அடையாளம் சொல்லும். எங்கள் தெருவில் காலத்தைப் பிரிக்கிற கோடு உலகப் போர் இல்லை. "கலவரத்துக்கு முந்தி", "கலவரத்துக்கு அப்புறம்" என்றுதான் அம்மாக்கள் பேசுவார்கள். யாருடைய கல்யாணம், எந்தப் பிள்ளை பிறந்தது, எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு. 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை நாசம் செய்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். ஒரு தலித் வீரரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பியது ஆதிக்க சாதிக் கூட்டம். தென்மாவட்டங்கள் எரிந்தன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் தப்பவில்லை. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தது. அதுவரை எத்தனையோ சாதித் தலைவர்களின் பெயர் தாங்கிய பஸ்களில் நம் மக்கள் மறுபேச்சுப் பேசாமல் ஏறி இறங்கியவர்கள்தான். அதே ஆண்டு ஜூன் கடைசி நாளில் மேலவளவில், பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் வெட்டப்பட்டதும் ஒரு பஸ்ஸில்தான்.

எனக்கு அப்போது நாலு வயது. எனக்கு நேரடி நினைவு இல்லை. ஆனால் 'அப்புறம்' என்ற காலத்தில் வளர்ந்தவள் நான். அந்த 'அப்புறம்' எப்படி இருந்தது தெரியுமா? டீக்கடையில் இரட்டைக் குவளை மறைந்தது. அதன் இடத்தில் பிளாஸ்டிக் கப் வந்தது. எல்லாருக்கும் இல்லை, எங்களுக்கு மட்டும். குடித்துவிட்டு நாமே தூக்கிப் போட்டுவிடலாம், கழுவுகிற சண்டையே இல்லை. பார்த்தால் நாகரிகம் மாதிரி இருக்கும். போர் முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டு எல்லைக்கோட்டை அப்படியே வைத்திருந்த அமைதி அது.

அந்தக் காலத்தில் அரசு செய்த ஒரு நல்ல முயற்சியையும் சொல்ல வேண்டும். 1997இல் அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம். முதலாவது 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடு, அதில் 40 தலித் குடும்பங்களுக்கு, மற்றவை பிற சாதிகளுக்கு, வீடுகள் கலந்து கலந்து. சாதி தெருவில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு அரசு ஒப்புக்கொண்ட திட்டம் அது. குறைகள் உண்டு. ஆனாலும் நோயின் இடத்தைச் சரியாகத் தொட்டது. புதிய 100 வீட்டைக் கலந்து கட்டிவிடலாம், இருக்கிற ஊரைக் கலப்பது எப்படி என்ற கேள்விக்குத்தான் இன்னும் பதில் இல்லை.

வெளிநாட்டிலும் இந்த விவாதம் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்த ரிச்சர்ட் ஹோகார்ட் 1957இல் ஒரு புகழ்பெற்ற புத்தகம் எழுதினார். தெருவின் அன்பு, அடுப்படியின் கதகதப்பு, ஒருவருக்கொருவர் துணை என்று ஒரு உலகத்தைக் காட்டினார். 1986இல் கரோலின் ஸ்டீட்மன் என்ற வரலாற்றாசிரியர் அதற்குப் பதில் மாதிரி ஒரு புத்தகம் எழுதினார். போருக்குப் பிறகு தெற்கு லண்டனில் வளர்ந்தவர். அவருடைய அம்மா பர்ன்லி என்ற மில் ஊரில் நெசவாளி மகளாகப் பிறந்தவர். ஆண்கள் எழுதிய தொழிலாளர் தெருவில் அம்மா எப்போதும் பொறுமையாகச் சமைத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு என்று ஒரு ஆசையும் பொறாமையும் இருக்கக்கூடாதா என்பது ஸ்டீட்மனின் கேள்வி. தன் அம்மா புது மோஸ்தர் பாவாடைக்கு ஏங்கியதை அவர் அரசியலாக எழுதினார். அதற்கும் முன்பே, 1978இல், பம்பாயின் காவாகானாவில் வளர்ந்த தயா பவார் மராத்தியில் 'பலுதா'வை எழுதினார். நகரத்துக்குப் போனால் சாதி கழன்றுவிடும் என்ற நம்பிக்கை அந்தப் புத்தகத்தில் உடைந்து கிடக்கும்.

ஸ்டீட்மனைப் படித்த பிறகு நான் அம்மாவிடம் கேட்டேன், "நீ எதுக்கும்மா ஆசப்பட்ட?" என்று. கூலி உயர்வு, பிள்ளைகள் படிப்பு என்று சொல்வார் என நினைத்தேன். "கண்ணாடி வச்ச பீரோ" என்றார். "மில் காலனியில ஒரு வீட்டுல பாத்தேன். முழு ஒடம்பும் தெரிஞ்சுச்சு. நான் எப்படி இருக்கேன்னு அன்னிக்குத்தான் பாத்தேன்." முப்பது வருஷம் உழைத்த பெண்ணுக்குத் தன் முழு உருவத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி வாய்க்கவில்லை. எந்தச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் அது இருந்திருக்காது. என் ஆய்வு உதவித்தொகை நிலுவை சேர்ந்து வந்தபோது முதலில் வாங்கியது அந்த பீரோதான்.

மில்லின் முன்வாசல் கடைசியில் எங்களுக்கும் திறந்தது. எப்போது என்று கேளுங்கள். நிரந்தரத் தொழிலாளர்களைக் குறைத்து, சங்கம் வைக்காத, ஹாஸ்டலிலேயே தங்குகிற இளம் பெண்களை மில்கள் தேடத் தொடங்கியபோது. 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். தென்மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். 2011இல் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் இது பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகுதான் வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. என் பெரியம்மா மகள் 2006இல் அப்படி ஒரு மில்லுக்குப் போனார். இரண்டே முக்கால் வருஷத்தில் மூச்சுத் திணறலோடு திருப்பி அனுப்பினார்கள். மூன்று வருஷம் முடியவில்லை என்று மொத்தப் பணம் இல்லை. தாத்தாவால் மில்லுக்குள் போக முடியவில்லை, அக்காவால் மில்லிலிருந்து வெளியே வர முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் மரியாதையோடு உள்ளே போய், எட்டு மணி நேரம் பார்த்து, பி.எஃப். பிடித்து, வெளியே வந்த அந்த நாற்பது வருஷம் இருக்கிறதே, அதுதான் மில் காலனியின் பொற்காலம். எங்கள் குடும்பம் அதற்குள் ஒரு நாள்கூட வாழவில்லை.

இனி இன்றைக்கு வருவோம். 2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். தீண்டாமையின் குறியீடாக அந்தச் சொல் மாறிவிட்டது என்ற காரணத்தைச் சொன்னார். நான் வரவேற்கிறேன். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிப் பள்ளியில் நின்றவர்கள் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லேபர் ஸ்கூல், ஹரிஜனப் பள்ளி, ஆதிதிராவிடர் பள்ளி என்று மூன்று பெயர் மாறியும் கட்டடம் அதே ஒதுக்குப்புறத்தில்தான் நின்றது. காலனி போய் 'நகர்' வந்தால், நாளைக்கு 'நகர்' என்ற சொல்லைச் சொல்லும்போது குரல் தாழாமல் இருக்க வேண்டும். அதற்குச் சாலை, குடிநீர், சுடுகாட்டுப் பாதை எல்லாம் வர வேண்டும். நிலம் வர வேண்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். நம் தம்பிகள் கையில் கலர் கலராகக் கயிறு. 2023இல் நாங்குநேரியில் வகுப்புத் தோழனையே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, பள்ளியில் சாதிக் கயிறு கூடாது என்றது. அந்தக் கயிறு கட்டும் பையன்களின் தாத்தாக்களில் எத்தனையோ பேர் மில்லில் சங்கக் கொடி பிடித்தவர்கள். பேரன் கையில் கயிறு எப்படி வந்தது? "நாம் ஒரே தொழிலாளர் குடும்பமாக இருந்தோம்" என்ற இனிப்பான நினைவு மட்டும் வீட்டில் சொல்லப்பட்டது, வெறும் காலனி ஏன் தனியாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. நினைவிலிருந்து சாதியை எடுத்துவிட்டால் அது தெருவுக்குப் போய்க் காத்திருக்கும்.

நான் இங்கே ஆய்வு மாணவியாக நிற்பதற்கு 2009இல் வந்த அருந்ததியர் 3 சதவீத உள் ஒதுக்கீடும் ஒரு காரணம். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னது. எங்கள் தெருவில் முதல் பட்டதாரிகள் வந்ததே அதற்குப் பிறகுதான். அந்த முதல் பட்டதாரிகளுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மில்கள் சில மூடப்படுகின்றன, குவார்ட்டர்ஸ் இடிந்து மனைகளாகின்றன. மில் காலனியின் கதையை எழுத ஆள் இருக்கிறது. ஆண்டு விழா மலர் இருக்கிறது, குரூப் போட்டோ இருக்கிறது, சங்கத்தின் மினிட்ஸ் புத்தகம் இருக்கிறது. நம் தெருவுக்கு என்ன இருக்கிறது? ஒரு பட்டா நகல், ஒரு சாதிச் சான்றிதழ், தாட்கோ ரசீது, ஹாஸ்டல் அடையாள அட்டை. இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். இவைதான் நம் ஆவணக் காப்பகம். வீட்டில் இருக்கிற அவ்வாவை, ஆச்சியை, அப்பத்தாவை உட்கார வைத்து போனில் பதிவு செய்யுங்கள். என்ன வேலை பார்த்தார்கள், எந்த வாசல் வழியாகப் போனார்கள், என்ன கூலி, யார் எப்படிக் கூப்பிட்டார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள் என்று கேளுங்கள். ஆதிக்க சாதித் தெருவிலிருந்து வந்திருக்கும் தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள், பேல் இறக்கியவரின் பெயர் அவருக்குத் தெரியுமா என்று.

உழைக்கும் மக்கள் எல்லாரும் ஒன்றாக வாழ்ந்த ஒரு தெரு நமக்குப் பின்னால் இல்லை. இருந்ததாக நினைத்து அழுவதில் பயனில்லை. அப்படி ஒரு தெருவை இனிமேல்தான் உண்டாக்க வேண்டும். அதற்கு முதலில், இருந்த தெருவை உள்ளபடி எழுதி வைப்போம்.